கிராணி குடிக்காத கோப்பி

மகாதேவாவின் வயிற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோப்பி உள்ளே இறங்கினால் அது சும்மா இருக்காது. முதலில் தொப்புளுக்கு மேலே பந்து மாதிரி ஒன்று உருளும். பிறகு வயிறு உப்பி, பெல்ட்டை ஓர் ஓட்டை தள்ளிப் போட வேண்டி வரும். அதற்கும் பிறகு நடப்பதை விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்காது. கக்கூஸ் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். வயிறு சரியில்லாத மனிதர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் மகாதேவா ஒரு தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிற ஆபீஸ்காரர். கிராணிக்குப் பிறந்த கிராணி. மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில், ஆபீஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு தொழிலாளியின் வீட்டுக்குப் போய், கொடுத்த கோப்பியைத் தொடாமல் எழுந்து வந்தால், பாவம், வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வேறு ஒன்றைத்தான் நினைப்பார்கள். அந்த வேறு ஒன்றுக்குக் காரணமும் இருந்தது.

காரணத்தின் பெயர் கார்த்திகேசு. மகாதேவாவின் அப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ரப்பர் காலத்தில் அதே தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்பு கலையாமல், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் வருவார். வாசல்வரைதான் வருவார். படியேறியதே அபூர்வம், ஏறினாலும் கை நனைக்க மாட்டார். அவருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும். லயத்து வீட்டுத் தண்ணீர் தன் தொண்டைக்குள் இறங்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம்கூட அவருக்கு வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மகாதேவா பையனாக இருந்தபோது ஒருநாள் விடியற்காலையில், அப்பாவுக்குத் தெரியாமல் லயத்துக்கு ஓடிப்போனார். கூடப் படிக்கும் ஒருவனின் வீட்டில் எல்லாரும் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். பெரட்டு என்றால் விடியும் முன்னே ஆள் கணக்கு எடுக்கிற இடம், லேட்டாகப் போனால் அன்றைய வேலை கிடையாது. அந்த அவசரத்திலும் அந்தப் பையனின் அம்மா இவருக்கு ஒரு எனாமல் மங்கு நிறையக் கோப்பி கொடுத்தார். அடியில் டின் பால் கெட்டியாகத் தங்கியிருந்தது. கலக்கக் கலக்கத் தித்திப்பு ஏறியது. அவ்வளவு ருசியான ஒன்றை அவர் அதுவரை குடித்ததில்லை. பிறகு கோலா சிலாங்கூர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸில், பாதி வழியில், அந்த ருசிக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டது வயிறு. பஸ்ஸுக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது இங்கே வேண்டாம்.

வீட்டில் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். பஸ்ஸை நாறடித்ததற்காக என்று பையன் நினைத்தான். இல்லை. லயத்தில் குடித்ததற்காக.

அன்றைக்கு ஒரே வயிற்றுக்குள் இரண்டு வெட்கம் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. எது எது என்று பிரித்துப் பார்க்க பிறகு அவர் முயற்சி செய்யவே இல்லை. கோப்பியை விட்டார், அதில் கலந்திருந்த பாலையும் சேர்த்தே விட்டார். எங்கே போனாலும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சிரித்தார். வயிறு சரியில்லாதவன் என்ற பெயரைவிடப் பெருமை பிடித்தவன் என்ற பெயர் உடம்புக்கு இலகுவாக இருந்தது. பெருமை பிடித்தவனை யாரும் பஸ்ஸில் பார்த்துச் சிரிப்பதில்லை.

சன்னாசி அந்தத் தோட்டத்தில் அறுவடை மண்டோர். செம்பனைக் குலை வெட்டுகிற ஆட்களை மேய்க்கிற வேலை. தொண்டை அப்படி ஒரு தொண்டை. மூன்றாவது பிளாக்கில் நின்று திட்டினால் ஆபீஸில் இருக்கிற ஆளுக்கும் கொஞ்சம் பயம் வரும். தினமும் மத்தியானம் எத்தனை குலை விழுந்தது என்ற கணக்கோடு மகாதேவாவின் மேசைக்கு வருவார். கணக்கு முடிந்த பிறகும் போக மாட்டார். மேனேஜர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவார், பேசுகிற மாதிரி பேசிக் காட்டுவார். சிரிப்பு என்ற ஒன்று மகாதேவாவின் முகத்துக்கு வந்ததே அந்த மேசையில்தான் என்று அவர் மனைவி பூரணம் சொல்வதுண்டு. வீட்டுக்கு வருகிறபோது அது மிச்சமில்லை என்பது பூரணத்தின் குறை.

தீபாவளிக்குத் தீபாவளி மகாதேவா சன்னாசியின் வீட்டுக்குப் போவார். முறுக்கை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார். சன்னாசியின் மனைவி வள்ளியம்மா கோப்பி கொண்டுவந்து வைப்பார். அது ஆடை படிந்து ஆறிப்போகும். மகாதேவா எழுந்துவிடுவார். அவர் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டு ஆட்கள், கிராணிக்கு நம்ம தண்ணி இறங்காது, அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான் என்பார்கள். சன்னாசிதான் குறுக்கே விழுவார். அது பழக்கதோஷம், ஆள் தங்கமான ஆள் என்று சண்டைக்கே போவார்.

தங்கமான ஆள் என்பதற்கும் சாட்சி இருந்தது. கம்பெனி தோட்டத்தை விற்றது. லயத்தை உடைக்க வந்தார்கள். யார் எந்த வீட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பதே தெரியாது என்று மேலே இருந்தவர்கள் கையை விரித்தபோது, எனக்குத் தெரியும் என்று கிராணி ஒருவர்தான் போய் நின்றார். கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். வேலை முடிகிற நேரத்தில் உனக்கு இது தேவையா என்று ஒருவர் காதோடு காதாகக் கேட்டார். மகாதேவா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இழுத்து இழுத்துக் கடைசியில் தொழிலாளர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் பக்கத்தில் வரிசை வீடுகள் கிடைத்தன. மகாதேவாவும் பூரணமும் கோலா சிலாங்கூருக்குக் குடிபோனார்கள்.

சன்னாசி புது வீட்டில் பால் காய்ச்சினார்.

பால் காய்ச்சுகிற அன்று பொங்கி வழிந்த பாலை வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதைக் குடித்தால் அந்த வீடு நன்றாக இருக்கட்டும் என்று அர்த்தம். யாரும் வாழ்த்துப் பேச்சு எழுதிக்கொண்டு வருவதில்லை, அந்த ஒரு மிடறுதான் வாழ்த்து. முதல் டம்ளரைச் சன்னாசி தன் சொந்த அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகாதேவாவின் கையில் வைத்தார். நீங்க இல்லாட்டி இந்த வீடு இல்ல கிராணி என்றார், அவருடைய அந்தத் தொண்டையில். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

மகாதேவாவும் பார்த்தார். அவர் பார்த்தது கக்கூஸை. கூடத்தை ஒட்டியே இருந்தது. பிளாஸ்டிக் கதவு. சரியாகச் சாத்தாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் இருபது முப்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் குடிக்கிறேன் என்றார். யாரோ பேச்சுக் கொடுத்த சமயத்தில் டம்ளரைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கூட்டம் கலைந்து கூட்டுகிறபோதுதான் வள்ளியம்மா அதைக் கண்டுபிடித்தார். ஆடை படிந்து, எறும்பு ஏறி, வைத்தது வைத்தபடி இருந்தது. கொட்டப் போனவரைச் சன்னாசி தடுத்தார். பால் காய்ச்சின பாலைக் கொட்டக்கூடாது. எறும்பை ஊதி ஒதுக்கிவிட்டு, நின்றபடியே தானே குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னாசி பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் என்னவோ இறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு டவுன் மார்க்கெட்டில் மகாதேவாவைக் கண்டால் சன்னாசி மீன் வாங்குகிற மாதிரி திரும்பிக்கொண்டார். அவர் மீனே சாப்பிடாத செவ்வாய்க்கிழமைகளிலும்.

வள்ளியம்மாவின் போன் வந்தது ஒரு காலையில். சன்னாசிக்குப் பெருங்குடலில் கட்டி. அடைத்துக்கொண்டதால் அவசரமாக வயிற்றைத் திறந்து, கெட்ட துண்டை வெட்டி எடுத்து, நல்லதையும் நல்லதையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஆப்பரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் குடல் விழிக்க மாட்டேன் என்கிறது. மயக்க மருந்து கொடுத்தால் ஆளோடு சேர்ந்து குடலும் தூங்கிப்போகுமாம். ஆள் எழுந்துவிட்டார், குடல் எழவில்லை. வயிறு தப்பு மேளம் மாதிரி ஊதிப்போய்க் கிடக்கிறார். காற்று பிரிந்தால்தான் குடல் முழித்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் தினமும் வந்து கேட்கிற ஒரே கேள்வி அதுதான். மலாய்க்கார டாக்டர், சின்ன வயசு, நல்ல பையன், ஆனால் வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி, "அங்கிள், சூடா கெந்துட்?" என்று கேட்கிறார். காற்று விட்டாச்சா என்று. அதைக் கேட்டால் சன்னாசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

சில பேருக்குக் கடுங்கோப்பி கொஞ்சம் குடித்தால் குடல் அசையும் என்று டாக்டர் சொன்னாராம். நிச்சயம் என்று சொல்ல முடியாது, கெடுதல் இல்லை, பால் மட்டும் கூடாது. மூக்கில் போட்டிருந்த டியூபையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் சன்னாசி வாயைத் திறக்கவில்லை. எதுவும் வேண்டாம், என்னை விட்டுவிடு என்கிறார். அவருடைய அண்ணனும் இப்படித்தான் வயிறு ஊதி ஊதிப் போனார். தனக்கும் முடிந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"நீங்க ஒரு தடவ வாங்கையா," என்றார் வள்ளியம்மா. "உங்களத் திட்டுறதுக்காவது எந்திரிச்சு உக்காருவாரு."

பூரணம் கோப்பி போட்டார். பால் இல்லை, சீனி இல்லை. பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே கணவரின் முகத்தைப் பார்த்தார். மகாதேவா கோப்பியைத் தொடாததற்கு வயிறுதான் காரணம் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பூரணம், மற்றவர் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் அனுஜா.

"அந்த மனுசன் உங்களையும் குடிக்கச் சொன்னால் என்ன செய்வியள்?" என்று கேட்டார் பூரணம்.

மகாதேவா பிளாஸ்க்கைக் கையில் வாங்கினார். கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

வார்டில் பார்வையாளர் நேரம். பக்கத்துக் கட்டிலில் செகிஞ்சானில் நெல் போடுகிற ஒரு சீனக் கிழவர். அவரைச் சுற்றி மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பெரிய கூட்டம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. சன்னாசி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பச்சைத் துணிக்கு மேலே வயிறு மட்டும் தனியாக யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி எழும்பியிருந்தது. கை கால் எல்லாம் குச்சியாகிவிட்டன. மூன்றாவது பிளாக்கிலிருந்து கேட்ட சத்தம் இந்தக் குச்சிக்குள்ளிருந்தா வந்தது என்று மகாதேவாவுக்கு இருந்தது.

வள்ளியம்மா தோளைத் தொட்டுச் சொன்னதும் சன்னாசி தலையை மட்டும் திருப்பினார். ஓ, கிராணியா என்றார். மறுபடியும் சுவர்.

மகாதேவா பிளாஸ்க்கை மேசையில் வைத்தார். கோப்பி கொண்டுவந்திருப்பதாகவும், டாக்டர் சொன்னபடி வெறும் கோப்பிதான் என்றும் சொன்னார். ஆபீஸ் கடிதம் வாசிக்கிற குரலில் வந்தது.

"வேணாம்," என்றது சுவர்ப் பக்கம்.

ஆரஞ்சுத் தோல் வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு சன்னாசி, திரும்பாமலே கேட்டார்.

"நான் வேணாங்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குதா கிராணி?"

"இருக்கு."

"இருக்கும். எனக்கும் இருந்திச்சு."

மகாதேவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் காது சூடாகியது. மங்கு, டின் பால், பாதி வழி, ஜன்னலுக்கு வெளியே நீண்ட தலைகள், பட்டப்பெயர் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். புது வீட்டின் பிளாஸ்டிக் கதவைச் சொன்னார். குடித்திருந்தால் அந்தக் கூடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னார். வள்ளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் வயிற்றுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தது இதுதான் என்று தோன்றுகிற அளவுக்கு மகாதேவாவுக்கு இலேசாக இருந்தது.

சன்னாசி மெதுவாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பினார். சிரிக்கவில்லை.

"சரி. கோப்பி ஒத்துக்கல, பால் ஒத்துக்கல. பச்சத் தண்ணி?"

மகாதேவாவுக்குப் புரியவில்லை.

"பச்சத் தண்ணி வயித்த ஊதாதே கிராணி. முப்பது வருசமா எங்க வீட்டுக்கு வந்தீங்க. ஒரு நாளாச்சும், சன்னாசி தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி கொடுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. ஒரு நாளுகூடவா தாகம் எடுக்கல?"

அவர் கத்தவில்லை. கத்துகிற தெம்பு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மகாதேவா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாகம் எடுத்திருக்கிறது. தீபாவளி வெயிலில், வீடு வீடாக ஏறி இறங்கி, நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டிருக்கலாம். வாய்வரை வந்ததே இல்லை. ஏன் வரவில்லை என்று இப்போது தேடிப் பார்த்தால், அங்கே வயிறு இல்லை. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் வாசலோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அந்த இடத்தில் நிற்பது கொஞ்சம் பிடித்துப்போன இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டிருக்கலாம்," என்றார் மகாதேவா. "கேக்கல. வயிறு பாதிதான் சன்னாசி. மிச்சம் நான்தான்."

சன்னாசி அவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டோர் பார்வை. குலை பழுத்ததா காயா என்று கீழிருந்தே பார்க்கிற பார்வை.

"ரெண்டுல ஊத்துங்க," என்றார். "நீங்க மொதல்ல குடிங்க."

மகாதேவா இரண்டு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினார். ஒன்றை எடுத்துக் குடித்தார். கசந்தது. சிறு வயதில் குடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிறுத்தாமல் முழுவதும் குடித்துவிட்டு, காலிக் கப்பைச் சன்னாசிக்குத் தெரிகிற மாதிரி கவிழ்த்துக் காட்டினார். அதன் பிறகு வள்ளியம்மா தலையைத் தாங்கிப் பிடிக்க, சன்னாசி தன் கப்பை மிடறு மிடறாகக் குடித்தார்.

யார் வயிற்றை எழுப்ப வேண்டும் என்று கோப்பிக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மகாதேவாவின் வயிறு எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவர் வார்டுக் கடைசியிலிருந்த கக்கூஸுக்கு நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே ஒருவர் டிரிப்ஸ் கம்பியோடு நிதானமாக இருந்தார். மகாதேவா கதவுக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பல தடவை வாசித்தார். தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னார். தப்பித்தார்.

திரும்பி வந்தபோது சன்னாசி ஒரு தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். சிரிக்க வைக்காதீங்க கிராணி, தையல் பிரிஞ்சிரும் என்று கெஞ்சினார். வள்ளியம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது.

வார்டு நர்ஸ், மிஸ்ஸி தனேஸ்வரி, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். கறுப்புக் கோப்பி பெருங்குடலைத் தட்டி எழுப்பும், சில பேருக்கு உடனே, அதனால்தான் ஓட்டம் என்றார். வயிறு உப்பியதா என்று கேட்டார். மகாதேவா தொட்டுப் பார்த்தார். உப்பவில்லை. பந்தும் உருளவில்லை. ஓட்டம் மட்டும்தான். அப்படியென்றால் உப்பசத்துக்குக் காரணம் பாலாக இருக்கலாம், பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு நிறைய உண்டு, கோப்பி மேல் முழுப் பழியையும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு வயதுக்குப் பிறகு தன் வயிற்றைப் பற்றிப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டதில் மகாதேவா கொஞ்சம் திகைத்துப்போனார்.

ஆனால் சன்னாசியின் வயிறு அசையவில்லை. சாயங்காலம் டாக்டர் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். காலிப் பீப்பாய் மாதிரி சத்தம் கேட்டது. காதில் குழாயை மாட்டி வயிற்றின் நாலு மூலையிலும் வைத்துக் கேட்டார். நாளைக்கும் இப்படியே இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும், உள்ளே தைத்த இடம் விட்டிருந்தால் மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும் என்று மகாதேவாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த உடம்பு இன்னொரு தடவை தாங்குமா என்று மகாதேவா கேட்டார். டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். நல்ல பையன்தான். பொய் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மகாதேவா பெரிய பிளாஸ்க்கோடு வந்தார். சன்னாசி காலையில் கொஞ்சம் வாந்தி எடுத்திருந்தார். மூக்கில் போடுகிற டியூபைத் தட்டில் வைத்து, தேவைப்பட்டால் என்று தயாராக மூடியிருந்தார்கள். அந்தத் தட்டை வள்ளியம்மா பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் இரண்டு கப். சன்னாசியால் பாதிதான் முடிந்தது. மகாதேவா முழுதாகக் குடித்தார். நீங்க ஏன் சும்மா கஷ்டப்படுறீங்க, எனக்காக வேணாம் என்றார் சன்னாசி. பழகிட்டுது, பரவாயில்ல என்றார் மகாதேவா. ஒரே நாளில் பழகிவிட்டதாம்.

நடந்தால் நல்லது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். மகாதேவா சன்னாசியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். வள்ளியம்மா டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வராந்தா ஜன்னல்வரை போனார்கள். ஒரு அடி, நிற்பது, இன்னொரு அடி. எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பெரிய ரோடும், அதற்கு அப்பால் பச்சையாக எதுவோவும் தெரிந்தன. செம்பனையா என்று சன்னாசி கேட்டார். மகாதேவாவுக்கும் கண் தெரியவில்லை. செம்பனைதான் என்றார். நல்ல காய்ப்பு என்று வேறு சேர்த்துக்கொண்டார். சன்னாசியின் எடை தன் தோளில் இவ்வளவு கம்மியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்ளச் சொன்னார். சாய்ந்தும் எடை கூடவில்லை.

திரும்பி வந்து படுக்க வைத்தார்கள். செகிஞ்சான் கிழவரின் குடும்பம் இன்றைக்கும் வந்திருந்தது. இன்றைக்கு ஆரஞ்சு இல்லை. கிழவருக்காக எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். வார்டே அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் மட்டும் கீச்சென்றது.

அந்த அமைதியில்தான் சன்னாசியின் வயிற்றுக்குள் ஏதோ உறுமியது. அவர் கண்ணை அகலத் திறந்தார். வள்ளியம்மாவின் கையை எட்டிப் பிடித்தார். பிறகு அது வந்தது. சின்னதாக ஒன்றும் வரவில்லை. அவருடைய தொண்டைக்குத் தகுந்த மாதிரியே வந்தது.

ஜெபம் நின்றது. ஒரு பேரப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தது. எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் திரும்பின. சன்னாசியின் முகம் சுருங்கிப்போயிற்று. நூறு ஆட்களை அதட்டிய மனிதர், போர்வையைக் கண்வரை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பார்வைகளை மகாதேவாவுக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து தெரியும். அவர் எழுந்து நின்றார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்த்து, மன்னிக்க வேண்டும், அது தன்னுடையது என்று மலாயில் சத்தமாகச் சொன்னார். வயதாகிவிட்டது, கோப்பி குடித்தேன் என்று விளக்கமும் கொடுத்தார். குரல் நடுங்கவில்லை. பொய்க்குப் பொய் அது ஒரு நல்ல பொய்.

சத்தம் கேட்டு மிஸ்ஸி ஓடிவந்தார். யாருக்குக் காற்று பிரிந்தது என்று கேட்டார்.

"நான்தான் மிஸ்ஸி," என்றார் மகாதேவா, விடாமல்.

"அங்கிள், வெளையாடாதீங்க லா. நான் டாக்டருக்குச் சொல்லணும். உண்மையா யாரு?"

வார்டு காத்துக்கொண்டிருந்தது. செகிஞ்சான் கிழவர்கூடத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார். போர்வை மெதுவாகக் கீழே இறங்கியது.

"அவரு பொய் சொல்றாரு மிஸ்ஸி," என்றார் சன்னாசி. குரல் கரகரத்தது. ஆனால் கடைசிக் கட்டில்வரை கேட்டது. "அது என்னுது. எம் பேருல எழுதுங்க."

வள்ளியம்மா அப்படியே கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கணவரின் பாதத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மிஸ்ஸி குனிந்து குழாயை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே மகாதேவாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளே சத்தம் இருக்கிறது. கோப்பியா, நடந்ததா, அல்லது குடல் தானாகவே எழுந்ததா என்று யாருக்கும் தெரியாது என்றார். எதுவாக இருந்தால் என்ன, கத்திக்கு இப்போது வேலை இல்லை. டாக்டரைக் கூப்பிடப் போனார்.

வெட்டி எடுத்த துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் பதில் இனிமேல்தான் வர வேண்டும். நல்ல பதில் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அது வள்ளியம்மாவுக்கும் தெரியும், மகாதேவாவுக்கும் தெரியும், சன்னாசிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அவர் தூங்கிவிட்டார். ஆப்பரேஷனுக்குப் பிறகு வலிமருந்து இல்லாமல் தூங்குகிற முதல் தூக்கம் என்றார் வள்ளியம்மா. தூங்குகிறபோது கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டது மகாதேவாவின் சட்டைக் கை.

மகாதேவாவின் வயிற்றுக்குள் கோப்பி தன் வேலையைத் தொடங்கியது. ஒருமுறை கூப்பிட்டது. மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் அதட்டிக் கூப்பிட்டது. வார்டுக் கடைசியில் கக்கூஸ் கதவு திறந்துதான் கிடந்தது. மகாதேவா அந்தக் கையைப் பார்த்தார். இழுத்தால் முழித்துக்கொள்வார்.

கொஞ்சம் இரு என்றார், வயிற்றிடம்.